கார் விரித்த நிழல்

சீனித்தாய் மொட்டை மாடியில் குத்தவைத்து உட்கார்ந்து, ஈர வேட்டியை நாலு மூலைக்கும் செங்கல் வைத்து விரித்து, விடியற்காலையில் கிண்டி இறக்கிய கூழை அச்சில் அள்ளிப் போட்டு வட்டம் வட்டமாக வத்தல் பிழிந்துகொண்டிருந்தபோது, கீழே தெருவில் தன் புருஷன் கோட்டைச்சாமியின் கார் இரண்டு தடவை இருமி, ஒரு தடவை விக்கி, அப்படியே நின்றுபோகிற சத்தம் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் அவள் கையை வேகப்படுத்தினாள், ஏனென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் நிழல் வந்து வத்தல் மேல் படுத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தது. முதலில் காரைச் சுற்றி ஒரு கூடை அளவுக்கு விழுந்து, பிறகு கொட்டிய தண்ணீர் பரவுகிற மாதிரி தெருவெல்லாம் பரவி, சுவரில் ஏறி, ஜன்னல் கம்பிகளைத் தாண்டி, மாடிக்கு வந்து வேட்டியில் பாதியை மூடிக்கொண்டது. மரம் கிடையாது. அந்தத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு முருங்கைக்கன்று கூடக் கிடையாது. ஆனால் நிழலில் கிளை இருந்தது, கிளையில் இலை இருந்தது, இலை அசைந்தது, ஒரு காக்காயின் நிழல் வந்து கிளையின் நிழலில் உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று வானம்தான்.

"ஊருக்கெல்லாம் குளிர்ச்சி, என் வத்தலுக்குத்தான் பிடிச்சது சனி" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் வேட்டியை வெயில் பக்கமாக இழுத்தாள். முணுமுணுப்பதோடு சரி. கீழே இறங்கிப் போய் யாரிடமும் சொல்லமாட்டாள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். பஸ்ஸில் தன் ஊர் வரும்போது "நிப்பாட்டுங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி, இடுப்பில் பிள்ளையோடு நடந்து வருகிறவள்.

முதல் தடவை அந்த நிழல் விழுந்தது போன வருஷம் கத்திரி வெயிலில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. வெயிலுகந்தபட்டி என்று பேரை வைத்துக்கொண்டு வெயிலைத் தவிர வேறெதையும் கண்டிராத ஊர் அது. சுற்றிலும் கரிசல், கரிசல் முடிகிற இடத்தில் வேலிக்கருவேல், இருந்த புளியமரங்களையும் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வெட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே கார் நின்று நிழல் விழுந்ததும், அது ஏன் விழுந்தது, எங்கேயிருந்து விழுந்தது என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. டீக்கடை பால்கண்ணன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலுக்குள் போட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஆடுகள் தாமாக வந்து படுத்து அசைபோட்டன. கோட்டைச்சாமி மட்டும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்வை ஒழுக உள்ளே குனிந்திருக்க, பால்கண்ணன் சொன்னார்:

"மாப்ளே, அவசரப்பட்டுக் கிளப்பிராத. இப்பத்தான் பாலைக் காய வச்சிருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கார் தானாகவே கிளம்பியது. கிளம்பியதும் நிழல், பந்தி முடிந்து பாயைச் சுருட்டுகிற மாதிரி தன்னைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. வெயிலில் விடப்பட்ட ஜனங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போகிற காரைப் பார்த்துக் கையைத் தட்டினார்கள்.

அதற்கப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்டது, குழாயில் தண்ணீர் வருவதையும் வராததையும் பழகிக்கொண்ட மாதிரி. மார்கழியிலும் தையிலும் கார் ஒழுங்காக ஓடும், நிழல் கிடையாது. மழைக்காலத்தில் ஓடும், கிடையாது. பங்குனி பிறந்து தார் ரோடு இளக ஆரம்பித்தால் போதும், ஒரு நாளைக்கு நிற்கும், மறுநாள் நிற்காது, அடுத்த நாள் நின்று நின்று போகும். சாவியைத் திருப்பி அணைத்துப் பார்த்தார்கள். அப்படி அணைத்தால் நிழல் விழாது. அதுவாக நிற்க வேண்டும், அதுவும் வெயிலில் நிற்க வேண்டும். அது என்ன மரத்து நிழல் என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அடர்த்தியைப் பார்த்தால் புளி என்றார்கள் கீழத்தெருக்காரர்கள், குளிர்ச்சியைப் பார்த்தால் வேம்பு என்றார்கள் மேலத்தெருக்காரர்கள், ஒரு பெண் பார்க்கிற பேச்சே இந்தச் சண்டையில் முறிந்து, பிறகு அதே நிழலில் உட்கார்ந்து பேசி ஒட்டவைத்தார்கள். "எங்க தெருவுல ஒரு தடவை நின்னா உங்க காரு தேஞ்சா போயிரும்?" என்று வடக்குத்தெருப் பெண்கள் மறித்துக் கேட்டார்கள். காதுகுத்து வீட்டுக்காரர்கள் பந்தலுக்குச் சொல்லாமல் கோட்டைச்சாமிக்குச் சொல்லிவிட்டு, கார் நிற்காமல் போய்விட்டால் அவன் வேண்டுமென்றே ஓட்டிக்கொண்டு போய்விட்டதாகக் கோபித்துக்கொண்டார்கள். வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து நிழலில் வாய்ப்பாடு சொல்லவைத்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமைப்பட்டபோது வெயிலுகந்தபட்டிக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "உங்க ஊர்லயும்தான் கார் இருக்கு. நின்னா என்ன விழுது? வெறும் ஆயில்தான விழுது" என்றார்கள்.

ஊருக்குப் பெருமை, கோட்டைச்சாமிக்குத்தான் தலைகுனிவு. ஏனென்றால் அது நிழல் தருவதற்காக வாங்கிய கார் இல்லை. பழைய கார்தான், வெள்ளைக் கார், பின்பக்க மூலையில் பெட்ரோல் ஊற்றுகிற வாய் வெளியே தெரிய மூடி போட்ட கார், ஆனாலும் இந்த ஊரில் வலி கண்ட பெண்களை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிள்ளையும் தாயுமாகத் திருப்பிக் கொண்டுவருகிற கார் அதுதான். பிரசவக் கார் என்றே அதற்குப் பேர். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதற்குச் சேனை வைப்பது என்பார்கள். யார் கையால் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். வெயிலுகந்தபட்டியில் மட்டும், பிள்ளையோடு ஊருக்குத் திரும்பி வந்ததும், சேனைக் கிண்ணத்தில் மிச்சம் இருக்கிற கருப்பட்டிப் பாகை அந்தத் தாய் தன் விரலால் வழித்துக் காரின் பெட்ரோல் மூடியிலும் ஒரு தொடு தொட்டு, அதன் மேல் சந்தனப் பொட்டும் வைப்பாள். பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்த வாய்க்கும் ஒரு சொட்டு இனிப்பு. கோட்டைச்சாமிக்கு அதில் அவ்வளவு பெருமை. துடைக்கவே மாட்டான். கார் கழுவும்போது கூட அந்த இடத்தைச் சுற்றி விட்டுத்தான் துணி போடுவான்; பெட்ரோல் பங்கில், "தம்பி, மூடியைப் பாத்துத் திற, சேனை உதிர்ந்திராம" என்பான். சீனித்தாயும் தன் மகள் தங்கமாரியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அப்படித் தொட்டு வைத்தவள்தான்.

இப்போது அந்தக் காரை நம்பி யாரும் வலியோடு ஏறவில்லை. நிழலுக்குக் கூப்பிட்டார்கள், பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை. "வெயில் காலத்துல வேண்டாம்ப்பா, ஐப்பசி கார்த்திகைன்னா வாறோம்" என்றார்கள், பிள்ளை என்னவோ மாதம் பார்த்துப் பிறக்கிற மாதிரி.

இந்த நேரத்தில்தான் கோட்டைச்சாமியின் தங்கச்சி பஞ்சவர்ணம் தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். தாய் தகப்பன் இல்லை, அண்ணன் வீடுதான் தாய்வீடு. டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி லேசாக எடுத்தாலும் உடனே கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் தாயும் தங்காது பிள்ளையும் தங்காது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பஞ்சவர்ணத்தின் மாமியார் அங்கேயே ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னாள்:

"எங்க ஊர்க் காரை வரச் சொல்லிருவோம். உங்க அண்ணன் காரு படுத்து உறங்கத்தான் லாயக்கு."

பஞ்சவர்ணத்துக்குச் சுருக்கென்றது. "எங்க அண்ணன் ஊர்ப் பொம்பளைகளையெல்லாம் கொண்டுபோய்ச் சேத்திருக்கு. என்னைச் சேக்காதா? நான் போனா எங்க அண்ணன் காருலதான் போவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னது தங்கச்சி, தூக்கம் போனது அண்ணனுக்கு.

மறுநாளே அவன் காரை மெக்கானிக் அந்தோணிக்கண்ணுவின் பட்டறைக்குக் கொண்டுபோனான். அந்தோணிக்கண்ணு கெட்டிக்காரர், கோபக்காரர், எஞ்சினோடு பேசுகிறவர். பிளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். பெட்ரோல் போகிற குழாய் சூட்டில் கொதிக்கிறதோ என்று அதற்கு ஈரச் சாக்கைச் சுற்றினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி ஓட்டிப் பார்த்தார். கார் பால் குடித்த பிள்ளை மாதிரி சமர்த்தாக ஓடியது. "எடுத்துட்டுப் போ, இனி உன் பேரன் காலம் வரைக்கும் நிக்காது" என்று அனுப்பினார். ஊர் எல்லையில் ஊருணிக்குப் பக்கத்தில் கார் இருமி, விக்கி, நின்றது. ஊருணியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் குலவையிட்டார்கள்.

"எங்கிட்ட வந்தா நோவு ஒளிஞ்சுக்கிடுதுடா" என்று அந்தோணிக்கண்ணு தலையில் கையை வைத்துக்கொண்டார். "உன் காரு என்னைக் கேலி பண்ணுது."

அப்படி வந்து நின்ற ஒரு நாள்தான் வத்தலில் நிழல் விழுந்த நாள். சீனித்தாய் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தான். சுற்றிலும் ஊர் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் அவளுக்கு வத்தல் மறந்துபோயிற்று.

வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில். காக்காய் கூடப் பறக்காத வெயில். "அண்ணே, காரை எடு" என்றாள் பஞ்சவர்ணம், அவ்வளவுதான் சொன்னாள். சீனித்தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கி, பால் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, நாத்தனாரின் தலையை மடியில் சாய்த்துப் பின் சீட்டில் உட்கார, கார் புறப்பட்டது. வழியெல்லாம் கோட்டைச்சாமி காரோடு பேசிக்கொண்டே போனான். "ஆத்தா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என் மானத்தைக் காப்பாத்து." கார் கேட்டுக்கொண்டே போன மாதிரிதான் இருந்தது. கம்மாய்க்கரை ஏற்றம் வந்தது. ஏற்றத்தின் தலையில் ஏறியதும் இருமியது. விக்கியது. நின்றது.

நிழல் விழுந்தது. இதுவரைக்கும் விழாத அளவுக்குப் பெரிய நிழல். கரையில் விழுந்து, கம்மாய்க்குள் இறங்கி, அங்கே வெயிலில் நூறு நாள் வேலையாக மண் வெட்டிக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் தொட்டது. அவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையேறி வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி சடச்சியக்கா. கணீரென்ற குரல், சொல்லுக்கு மறுசொல் இல்லாதவள். காருக்குள் எட்டிப் பார்த்து, பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்து, கையை மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

"ஏ, இதுக்கு மேல என்னடி வேணும்? மரமே இல்லாம நிழலு வந்து நிக்குது. சாமியே இங்கதான் பெறணும்னு சொல்லுது. சேலையை மறைச்சுக் கட்டுங்கடி, இங்கேயே பாத்துக்கிடலாம்!"

"ஐயோ, பிள்ளை குறுக்க கிடக்குக்கா" என்றாள் சீனித்தாய். அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. பெண்கள் அதற்குள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், எல்லார் முகத்திலும் அன்பு, எல்லார் முகத்திலும் நிழலின் குளிர்ச்சி. கோட்டைச்சாமி பானட்டுக்குள் தலையைவிட்டு எதையெதையோ இழுத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் போட்டார்கள். அது வேறொரு ஊருக்குப் போயிருந்தது, திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பஞ்சவர்ணம் சீனித்தாயின் கையைப் பிடித்து, வளையல் உடைகிற அளவுக்கு நெரித்தாள்.

"மதினி, முடியல மதினி."

இந்தச் சத்தத்தில் தங்கமாரி வீறிட்டாள். சீனித்தாய் மறுகையால் புட்டியை எடுத்து அவள் வாயில் வைத்தாள். பிள்ளை பயத்தில் வேகமாக இழுத்தது. நாலு இழுப்பு இழுத்ததும் ரப்பர் காம்பு உள்பக்கமாகச் சப்பி ஒட்டிக்கொண்டது, பால் வரவில்லை, பிள்ளை காம்பைத் துப்பிவிட்டு மறுபடி கத்தியது. தினமும் நடக்கிறதுதான். சீனித்தாய் பார்க்காமலேயே கட்டைவிரலால் புட்டியின் மூடியை ஒரு சுற்று தளர்த்தினாள். களக் களக் என்று காற்றுக் குமிழி உள்ளே ஏறியது, காம்பு நிமிர்ந்தது, பிள்ளை குடிக்க ஆரம்பித்தது.

அவள் கை அப்படியே நின்றது.

குடிக்கிற அளவுக்கு உள்ளே காற்றுப் போக வேண்டும். போகாவிட்டால் பால் இருக்கும், வாய் இருக்கும், ஆனால் வராது. கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் எப்படியோ காற்றுக் கசிந்து உள்ளே போய்த் தானாகவே சரியாகும். பட்டறையில் ஒவ்வொரு தடவையும் அந்தோணியண்ணன் பெட்ரோல் ஊற்ற மூடியைத் திறந்தார், அதனால்தான் அங்கே நிற்கவில்லை. மூடியில் ஒரு பொடி ஓட்டை உண்டு, கல்யாணமான புதிதில் கார் துடைக்கும்போது அவள் பார்த்திருக்கிறாள், குண்டூசி ஓட்டை. இப்போது அது எங்கே இருக்கிறது? அதன் மேல் கருப்பட்டி இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருடைய சேனையும் இருக்கிறது, அவள் வைத்ததும் இருக்கிறது. குளிர்காலத்தில் பாகு இறுகி வெடித்துக் கிடக்கும், இடுக்கு வழியே காற்றுப் போகும். வெயிலில் இளகி ஓட்டைக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும்.

"பஞ்சு, ஒரு நிமிசம்" என்று அவள் நாத்தனாரின் தலையைப் பையின் மேல் வைத்து, பிள்ளையையும் புட்டியையும் சடச்சியக்காளின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். இறங்கியதும் கால் கூசியது. கரை முழுக்க ஆட்கள், எல்லாருடைய கண்ணும் அவள் மேல். அவர்களுக்கு நடுவில் நடந்து, காரின் பின்மூலைக்குப் போய், தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, பெட்ரோல் மூடியில் பிசுபிசுவென்று ஊறியிருந்த சேனையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஏய்! ஏய்! என்ன காரியம் பண்ற!" சடச்சியக்கா பதறிவிட்டாள். "அது பிள்ளைக சேனைடி. எம் பேத்தி சேனையும் அதுலதான் இருக்கு. அதைப் போயிச் சுரண்டலாமா? அபசகுனம் பிடிச்சவளே!"

"சீனி, விடு!" என்றான் கோட்டைச்சாமி பானட்டுக்குப் பின்னாலிருந்து.

மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்த நாக்கு அப்போதுதான் பிரிந்தது. "விடமாட்டேன்" என்றாள் சீனித்தாய். அந்தக் குரல் கம்மாய்க்குள் போய் எதிர்க்கரையில் இடித்துத் திரும்பி வந்தது. "காருக்கு மூச்சு முட்டுதுங்க. நம்மதான் மூக்கை அடைச்சு வச்சிருக்கோம். எல்லாரும் ஆசையா வச்சதுதான், நானும்தான் வச்சேன். நீங்க போய் சாவியைப் பிடிங்க."

சொல்லிவிட்டு மூடியை இரண்டு கையாலும் திருகித் திறந்தாள்.

கார் மூச்சை இழுத்தது. தண்ணீரில் முக்கி எடுத்த பிள்ளை இழுக்கிற மாதிரி, ஸ்ஸ்ஸ் என்று நீளமாக, கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி இழுத்தது. அந்த மூச்சோடு நிழலும் போயிற்று. இதுவரை பாய் மாதிரிச் சுருண்டு போய்க்கொண்டிருந்த நிழல், அன்றைக்கு இலை இலையாக, கிளை கிளையாக அவள் கைக்குக் கீழே வந்து, அந்தச் சின்ன வாய்க்குள் இறங்கியது. கடைசியாகக் காக்காயின் நிழல் மட்டும் மிச்சமிருந்தது. அது எதில் உட்கார்வது என்று தெரியாமல் பறந்துபோயிற்று. அவள் ஊக்கை ஓட்டைக்குள் விட்டு எடுத்து, வாயால் ஊதிப் பார்த்து, மூடியைப் போட்டாள். கோட்டைச்சாமி சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

சீனித்தாய் ஓடிப்போய்ப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். சடச்சியக்காதான் ஓடிவந்து, புட்டியும் பிள்ளையுமாகத் தங்கமாரியைச் சீனித்தாயின் மடியில் போட்டு, கதவைச் சாத்தி, "போங்கடி, போங்க! நிக்காமப் போங்க!" என்று காரின் முதுகில் தட்டினாள்.

கார் நிற்கவில்லை. வெயில் கண்ணாடியில் கொதித்தது, ரோட்டில் கானல் நீர் ஓடியது, கார் நிற்கவில்லை. ரயில்வே கேட்டில் நின்று நின்று போகிற லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோதும் நிற்கவில்லை. டாக்டரம்மா உள்ளே கொண்டுபோய் வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார். பெண் பிள்ளை. இன்னும் தாமதித்திருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை, சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று வெளியே வந்து சொன்னபோது, கோட்டைச்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், அவன் அழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, எல்லாரும் பார்த்தார்கள்.

பஞ்சவர்ணத்தின் மாமியார் சேதி கேட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நடந்ததைக் கேட்டாள், இரண்டு தடவை கேட்டாள். பிறகு டாக்டரம்மாவிடம் ஒரு சொட்டுக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு, கையோடு கொண்டுவந்திருந்த சேனைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, தன் மூத்த மகளைத் தாண்டி, வக்கீலுக்குப் படிக்கிற கொழுந்தன் மகளைத் தாண்டி வந்து சீனித்தாயின் முன்னால் நீட்டினாள்.

"நீ வையி தாயி."

"நானா? வேண்டாம் அத்தை. என் குணம் வந்தா பிள்ளை யார்ட்டயும் வாய் திறந்து பேசாது."

"வராது வராது, இன்னைக்குக் கம்மாய்க்கரையில பேசுனது யாரு? சடச்சி எனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா. அந்தக் குணம் வரட்டும், வையி."

சீனித்தாய் மோதிர விரலை நனைத்து, அந்தச் சின்ன நாக்கில் வைத்தாள். பிள்ளை கண்ணைத் திறக்காமலேயே சப்புக்கொட்டியது.

ஊருக்குத் திரும்பி வந்ததும் நேராகப் பட்டறைக்குத்தான் போனார்கள். அந்தோணிக்கண்ணு கேட்டுவிட்டு, கருப்பட்டியைக் காய்ச்சச் சொல்லி, ஓட்டையில் ஒரு தொடு தொட்டு, நடு வெயிலில் தானே ஓட்டிக்கொண்டு போனார். கார் பஸ் நிறுத்தத்தில் போய் இருமி, விக்கி, நின்றது, நிழல் விழுந்தது. இறங்கி மூடியைத் திறந்தார். மூச்சு இழுத்தது, நிழல் உள்ளே போயிற்று. மறுபடி அடைத்தார், மறுபடி நின்றது. இப்படித் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் இருந்த ஜனங்களைப் பார்த்துக் கத்தினார்: "நோவைக் கண்டுபிடிச்சாச்சுய்யா! கண்டுபிடிச்சது நம்ம சீனி. நான் பெட்ரோல் ஊத்தி ஊத்தி நானே அதை ஒளிச்சு வச்சிருந்தேன்!" அன்றிலிருந்து பட்டறையில் எந்த வண்டி விக்கினாலும், கையைத் துடைத்துக்கொண்டே, "சீனியை ஒரு எட்டு வரச் சொல்லுங்கப்பா, சத்தத்தைக் கேட்டுட்டுப் போகட்டும்" என்று ஆள் அனுப்பினார்.

ஊர்தான் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது. கார் நிற்காமல் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று; பால்கண்ணன் பெஞ்சை வெயிலிலேயே போட்டுவிட்டு, போகிற காரை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மூன்று தெருக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து கோட்டைச்சாமியின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பிரசவத்துக்கு ஓடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சும்மா நிற்கிற நாளில் ஒரு சொட்டுக் கருப்பட்டியை வைத்து நிழலையும் விட்டால் என்ன? கேட்டது கோட்டைச்சாமியிடம். அவன் கையைக் கட்டிக்கொண்டு, சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, வாசற்படியைக் காட்டினான்.

"எங்கிட்டக் கேக்காதீங்க. வண்டி என்னோடது. அதோட மூச்சு அவ கையில இருக்கு. அவகிட்டக் கேளுங்க."

சீனித்தாய் வாசற்படியில் நின்றாள். தெரு நிறைய ஆட்கள். சேலை முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். தலையைக் குனியவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு ஏற்கெனவே பழைய பாத்தியதை உண்டு என்றார் பால்கண்ணன்; பஸ் நிறுத்தத்துக்காரர்கள் கூரைக் கொட்டகை போட்டுக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேண்டும் என்றார்கள். கொடைக்குப் பந்தல் உண்டு என்றாள். "ஏயப்பா, இவ்வளவு நாளும் இந்த வாயை எங்கடி வச்சிருந்த?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்க, தெருவே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

"சடச்சியக்கா, முதல்ல உங்க கம்மாய்க்குத்தான். ஒதுங்க ஒரு செடி கூட இல்லாம மண்ணு வெட்டுறவங்க நீங்கதான். ஆனா ஒண்ணு, வலின்னு ஒரு ஆளு வந்துட்டா யாரு உக்காந்திருந்தாலும் எந்திரிச்சிரணும், நான் மூடியைத் திறந்துருவேன், அப்புறம் என்னைப் பேசக் கூடாது. இனிமே சேனை வைக்கிறவங்க மூடியில வைக்காதீங்க, பானட்ல வைங்க, அதுக்கு நெத்தி அதுதான். கம்மாய்க்கு அடுத்தாப்புல நிழலு யாருக்குன்னா, பள்ளிக்கூடத்துல பிள்ளைகளை வெயில்ல நிப்பாட்டி—"

"சீனியக்கா! சீனியக்கா!" மேலத்தெருவிலிருந்து ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "எங்க மதினிக்கு வலி கண்டிருச்சு. காரை எடுக்கச் சொன்னாங்க, நீங்களும் கூட ஏறினாத்தான் ஏறுவேங்குது!"

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது, கோட்டைச்சாமி அதற்குள் காரைக் கிளப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான், சீனித்தாய் தங்கமாரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்மூலைக்குப் போய் மூடியில் விரலை வைத்துப் பார்த்து, ஓட்டை சுத்தமாக இருப்பதைத் தெரிந்துகொண்டு, கதவைத் திறந்து ஏறும்போது, யாருக்கு நிழல் என்று கேட்டபடியே பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, அவள், "முதல்ல பிள்ளை வரட்டும், நிழலைப் பிறகு பாத்துக்கிடலாம்" என்றாள்.